சின்ன ஸ்போர்ட்டி காருக்குக் கட்டுப்படியான டயர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

வாங்கும் அன்றைக்குக் கண்ணைப் பறித்த 18 அங்குல அலாய் வீல், டயர் தேய்ந்து நிற்கும் நாளில்தான் தன் உண்மையான விலையைச் சொல்லும். முதல்முறை டயர் மாற்றப் போகிறவர் நாலு டயருக்கான தொகையைக் கேட்டதும் முகம் சுருங்கி நிற்பார். அப்புறம் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கடையில் இருப்பதிலேயே மலிவானதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இல்லையென்றால், 'ஸ்போர்ட்டி கார் ஆச்சே' என்று இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கிவிட்டு மாதக் கடைசியில் கையைப் பிசைவார்.

இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி இருக்கிறது. டயர் விலையில் ஒரு பகுதி அகலத்துக்கும் பேருக்கும் பகட்டுக்கும் போகிறது. இன்னொரு பகுதி மழை ரோட்டில் உங்களை நிறுத்துவதற்குப் போகிறது. முதல் பகுதியைத் தாராளமாக வெட்டலாம், இரண்டாவதில் கை வைக்கக் கூடாது. எது எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

1. கடைக்குப் போகும் முன் பழைய டயரைப் பாருங்கள்

புது டயர் தேடத் தொடங்கும் முன், பழையது ஏன், எப்படித் தேய்ந்தது என்று பாருங்கள். காரணம் காரிலேயே இருந்தால், எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அதே மாதிரிதான் தேயும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, முன் டயருக்கு எதிரே குனிந்து பாருங்கள். வெளி ஓரம் நன்றாக இருக்கும். உள் ஓரம் மட்டும் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார்களில் இது அடிக்கடி நடக்கும். நேரே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. இப்படித் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னும் பின்னுமாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் அதுவும் அலைன்மென்ட் கோளாறாக இருக்கலாம். அங்கங்கே குழி விழுந்த மாதிரி மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட வேண்டும். கம்பி தெரிந்தால் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.

ட்ரெட், அதாவது தரையைத் தொடும் பகுதியின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் மீதி ஆழம் 1.6 மி.மீ. பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே வந்ததும் தேங்கிய தண்ணீரில் கார் மிதக்கத் தொடங்கிவிடும். மழைக்காலம் வரப்போகிறதென்றால் சட்ட எல்லை வரை காத்திருக்காதீர்கள்.

2. சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

205/50 ஆர்17 93 டபிள்யூ என்று ஒரு டயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச் சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 50 சதவீதம், இங்கே 102.5 மி.மீ. ஆர் என்பது ரேடியல் கட்டுமானம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 93 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறி, 650 கிலோ என்று பொருள். கடைசி எழுத்து வேகத்துக்கு: எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300.

ஆனால் காரில் இப்போது மாட்டியிருப்பதே சரியான அளவு என்று நினைத்துவிடாதீர்கள், குறிப்பாகப் பழைய கார் வாங்கியிருந்தால். முந்தைய ஓனர் ஆசைக்கு எதையாவது மாட்டியிருப்பார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள். கம்பெனி சொல்லும் அளவும் காற்றழுத்தமும் அதில்தான் இருக்கின்றன. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக் குறியும் வேகக் குறியும் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம். 'நான் 240-ல எங்க போகப் போறேன், எச் குறியே போதுமே' என்று சிலர் கேட்பார்கள். அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. வேகம் தரும் சூட்டைத் தாங்குவதற்கான கட்டுமானமும் அதில் அடங்கியிருக்கிறது. தவிர, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதுவாக இருக்கலாம்.

3. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள்

இது கொஞ்சம் கஷ்டமான வேலை. மனதில் எல்லாருமே மலைப்பாதையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் பத்தில் ஒன்பது நாள் சிக்னலில் நிற்கிறோம்.

ஸ்போர்ட்டி காருக்கு வரும் டயர்களைத் தோராயமாக நாலு வகையாகப் பிரிக்கலாம். ஒரு கோடியில், டிராக்குக்காகவே செய்து ரோட்டுக்கும் அனுமதி வாங்கிய மென்ரப்பர் டயர்கள். சூடேறினால் பசை போல ஒட்டும், அதே வேகத்தில் கரைந்தும் போகும், சத்தமும் அதிகம். அடுத்தது மேல்தட்டு சம்மர் டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை இந்த ரகம். மூன்றாவது, ஸ்போர்ட்டி குணமுள்ள ஆல்-சீசன் டயர்கள். நாலாவது, டூரிங் டயர்கள்: அமைதி, நீண்ட ஆயுள், அளவான பிடிமானம்.

கட்டுப்படியான டயர் தேடும் புதியவருக்கு முதல் வகை வேண்டவே வேண்டாம். இரண்டாவது, வாரக் கடைசியில் உண்மையிலேயே வளைவு தேடிப் போகிறவருக்கு. மற்றவர்களுக்கு நாலாவது வகையின் மேல் பாதியே நன்றாகப் போதும். அதை வாங்கினால் கார் சப்பென்று ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2012-ல் வந்த டொயோட்டா 86, ஓட்டும் சுகத்துக்காகவே செய்த கார். அதில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது 215/45 ஆர்17 அளவில் மிஷெலின் பிரைமஸி எச்பி என்ற டூரிங் டயர். பிடிமானம் கொஞ்சம் குறைவாக இருந்தால் கார் எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்பது சாதாரண வேகத்திலேயே கைக்குத் தெரியும். சுகம் அதிலும் இருக்கிறது.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துவிடும். பனி விழும் இடமென்றால் மலைச் சிகரமும் பனித்துகளும் போட்ட குறி உள்ள டயரைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பிரச்சினையே இல்லாத இடமென்றால் ஆல்-சீசன் என்ற பேருக்குக் காசு கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

4. மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள்

பெரிய மிச்சம் ரிம் அளவில்தான் இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

225/40 ஆர்18 போட்ட காரை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் மொத்த விட்டம் 637 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634. 205/55 ஆர்16 போட்டால் 632. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் காட்டுவதில் ஒரு சதவீதம்கூட மாறாது. ஆனால் 18-லிருந்து 16-க்கு இறங்க இறங்க டயர் விலையும் இறங்கும். 205/55 ஆர்16 உலகில் அதிகம் விற்கும் அளவுகளில் ஒன்று. அதனால் எல்லாக் கம்பெனியும் செய்கிறது, எல்லாக் கடையிலும் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. 18 அங்குலத்தில் பக்கச் சுவர் 90 மி.மீ.தான், 16-ல் 113 மி.மீ. குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்த 23 மி.மீ.தான்.

இறங்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அதே கார் மாடலின் கீழ் வேரியன்டில் அந்த ரிம் அளவு வந்திருக்கிறதா? ஸ்போர்ட்டி வேரியன்டின் பெரிய பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) மேல் சின்ன ரிம் இடிக்காமல் உட்காருமா? போல்ட் துளைகளும் ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு) பொருந்துமா? அப்புறம் எடைக் குறி. காருக்கு 92 தேவை, அதாவது 630 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குலத்தில் சாதாரண டயர் 91, அதாவது 615 கிலோதான். அப்போது எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட 94 குறியைத்தான் கேட்டு வாங்க வேண்டும், அது 670 கிலோ தாங்கும். கடையில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ரிம் மாற்றுவது வேண்டாம், இருப்பதே இருக்கட்டும் என்றால் அடுத்த மிச்சம் பேரில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவற்றுக்குத் தம்பிப் பிராண்டுகள் உண்டு. ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோன் கையில். பிஎஃப்குட்ரிச் மிஷெலினுடையது. ஜெனரல் டயர், செம்பரிட், பாரம் மூன்றும் கான்டினென்டலுடையவை. லாஃபென் என்பது ஹான்குக்கின் இரண்டாவது பிராண்ட். அண்ணன் டயருக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேர் தெரியாத டயரை நம்புவதைவிட இது எவ்வளவோ தேவலை.

புது மாடல் வந்ததும் போன மாடலின் விலை இறங்கும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பைலட் ஸ்போர்ட் 5 வந்ததால் பைலட் ஸ்போர்ட் 4 ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. போன தலைமுறையின் முதல்தர டயர், இந்தத் தலைமுறையின் மூன்றாந்தர டயரைவிட நல்லது என்பது என் எண்ணம். தயாரிப்புத் தேதியை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ரன்-ஃப்ளாட் டயரோடு (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) வந்த கார் என்றால், பல மாடல்களில் சாதாரண டயருக்கு மாறலாம். விலை குறையும், சவாரியும் மெத்தென்று இருக்கும். ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறலாமா கூடாதா என்று காரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கை வைக்கக் கூடாத இடம்: ஈர ரோட்டுப் பிடிமானம்

மலிவு டயரின் குறை காய்ந்த ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது, மழையில்தான் பல்லிளிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈர ரோடு, 80 கி.மீ. வேகம், இரண்டு கார்களும் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. ஒன்று 30 மீட்டரில் நிற்கிறது. இன்னொன்றுக்கு 40 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் 40 கி.மீ. அந்த இடத்தில் ஒரு லாரி நின்றிருந்தால், ஒருவர் பெருமூச்சு விடுவார், இன்னொருவர் 40 கி.மீ. வேகத்தில் அதன் பின்னால் மோதுவார்.

இதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஒரு லேபிள் உண்டு. 2021 மே மாதம் முதல் அதன் புது வடிவம் நடைமுறையில் இருக்கிறது. ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பு. எரிபொருள் சிக்கனத்துக்கும் அப்படியே. நீங்கள் வேறு எங்கோ இருந்தாலும், அதே மாடல் அதே அளவில் அங்கே விற்றால் அந்த லேபிளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஈரத்தில் ஏ அல்லது பி. அதற்குக் கீழே ஸ்போர்ட்டி காருக்கு வேண்டாம். எரிபொருளில் சி வந்தால் பரவாயில்லை.

அமெரிக்கச் சந்தைக்கான டயர்களில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும் என்பது பொதுவிதி. 200 என்றால் டிராக் பக்கம் சாய்ந்தது, 300 சுற்றுவட்டாரம் சம்மர் டயர், 500-க்கு மேல் டூரிங். ஆனால் அந்த எண்ணைப் போடுவது டயர் கம்பெனியே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் அதை நம்புங்கள்.

விலையைக் கிலோமீட்டருக்கு வகுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஒரு டயர் 100 பங்கு விலைக்கு 40,000 கி.மீ. ஓடுகிறது, இன்னொன்று 70 பங்கு விலைக்கு 22,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் கி.மீ.க்கு முதலாவது 2.5, இரண்டாவது 3.2. இரண்டாவதற்கு மாட்டும் கூலியும் பேலன்சிங்கும் இரண்டு தடவை. மலிவு எது என்று இப்போது சொல்லுங்கள்.

யூஸ்டு டயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். வெளியே பளபளப்பாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். காற்றில்லாமல் ஓடி உள்ளே நார் நைந்துபோயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

6. இரண்டா, நாலா?

நாலும் ஒரே மாடலாக இருந்தால் நல்லது. காசு இடம் கொடுக்கவில்லையென்றால் ஒரே அச்சில் இரண்டும் ஒன்றாகவாவது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அவசரத்துக்கு மட்டும்.

இரண்டு வாங்கினால் புதியதை எங்கே போடுவது? முன்சக்கர இழுவைக் கார்தானே, முன்னால் போடு என்று பலரும் சொல்வார்கள். தவறு. புதியது பின்னால் போக வேண்டும். முன் டயர் தண்ணீரில் வழுக்கினால் கார் திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். அப்போது பதறிக் காலை எடுத்தால் இன்னும் வேகமாகச் சுழலும். சின்ன ஸ்போர்ட்டி கார்கள் பல, பின்பக்கம் துறுதுறுவென்று இருக்கும்படியே டியூன் செய்தவை. அங்கே மொட்டை டயர் இருக்கக் கூடாது.

நாலு சக்கர இழுவை என்றால் கணக்கே வேறு. முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு வித்தியாசம் கூடினால் கியர்பெட்டிப் பக்கம் செலவு வரும். கையேடு எவ்வளவு வித்தியாசம் அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

7. கடையில் நிற்கும்போது

ரிம்மில் ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். முழு வரிசையும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. மாட்டி முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். இரண்டு டயரில் தேதி தெரிந்தது, புதுசு. மற்ற இரண்டில் தேதி உள்பக்கம். நாலும் ஒரே லாட் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்துப் பஞ்சர் ஒட்ட வீலைக் கழற்றியபோதுதான் உள்பக்கம் பார்த்தேன். மூன்று வருடம் பழைய சரக்கு. அன்றிலிருந்து டயரைத் தரையில் போட்டு இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் ரிம்மில் ஏற்ற விடுவதில்லை.

ஒரு வருடத்துக்குள் தயாரானது என்றால் கேள்வியே வேண்டாம். இரண்டு வருடம் வரை ஒழுங்காக நிழலில் வைத்திருந்தால் வாங்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சொற்பக் காசுதான். பழைய ரப்பர் வால்வு வழியாகக் காற்று இறங்கத் தொடங்கினால், அதற்காக மறுபடி டயரைக் கழற்ற வேண்டும். அம்புக்குறி போட்ட டயர் என்றால் உருளும் திசையும், சமச்சீரில்லாத ட்ரெட் என்றால் 'வெளிப்பக்கம்' என்ற எழுத்து வெளியே தெரிகிறதா என்பதும் காரை எடுக்கும் முன் நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள். அவசரத்தில் மாற்றி மாட்டுவது ஒன்றும் அபூர்வமில்லை.

நட்டை நியூமேட்டிக் துப்பாக்கியால் முறுக்கிவிட்டு 'ஆச்சு சார்' என்றால் விடாதீர்கள். கடைசி முறுக்கு டார்க் ரென்ச்சில்தான், அதாவது குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனரில். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கையேட்டில் இருக்கும். பேலன்சிங் முடிந்ததும் அலைன்மென்ட். டயரில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். முன்பு தேய்ந்த விதம் பற்றி நீங்கள் எடுத்த குறிப்பை அலைன்மென்ட் செய்பவரிடம் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம்.

8. முதல் சில நூறு கிலோமீட்டர்

புது டயரின் மேல்தோலில் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழவழப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் 300 கி.மீ. வரை, அதுவும் மழையென்றால், வளைவில் விளையாட வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சில் சரிபாருங்கள்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் வண்டியை எடுக்கும் முன், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். சைடுவாலில் எழுதியிருக்கும் அழுத்தம் டயர் தாங்கும் உச்சம், அந்த அளவுக்கு நிரப்பக் கூடாது. அழுத்தம் காட்டும் சென்ஸர் உள்ள கார் என்றால் புது அளவை ரீசெட் செய்ய மறக்காதீர்கள். 8,000 அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போடலாம். அம்புக்குறி டயரை அதே பக்கத்துக்குள்தான் மாற்ற வேண்டும். பின்னால் அகலம் கூடிய டயர் போட்ட கார்களில் அதற்கும் வழியில்லை.